மூன்று கியர் சைக்கிளும் என் வீட்டுக்காரரும்

சைக்கிளுக்குச் சந்தனப் பொட்டு வைத்துத் தன் தலையைக் கொடுத்த மனிதர் இந்த உலகத்தில் வேறு யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து என் வீட்டுக்காரர் ஒருவர்தான். இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்காரும்போதும் பேனாவை அழுத்திப் பிடிக்கிறேன், தாள் கிழிகிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

அந்தச் சைக்கிள், மலாயாவில் ஜப்பான் சண்டை வருவதற்கு முன்னால் மலைக்குக் கீழே தாப்பா டவுனில் ஒரு சீனர் கடையில் வாங்கியது. கடையில் இருந்ததிலேயே மட்டமான வண்டி அதுதான். கறுப்புச் சட்டம், கம்பி பிரேக், முன்னால் ஒரு பெரிய பல்சக்கரம், பின்னால் ஒரு சின்னப் பல்சக்கரம், அவ்வளவுதான். கியர் மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சமதரையில் ஓட்டுவதற்காகச் செய்த வண்டியை மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? இறக்கத்தில் அது எங்களை இழுத்துக்கொண்டு போகும். ஏற்றத்தில் நாங்கள் அதை இழுத்துக்கொண்டு வர வேண்டும். "இதுக்கு ஒரு கழுதைய வாங்கியிருக்கலாம், அதுவாவது தானா நடந்து வரும்" என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பது அவர் பழக்கம். அதிலும் எனக்குக் கோபம்தான்.

நான் கொழுந்து கிள்ளுகிறவள். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர், அதாவது இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுகிறவர். இலையைச் சுருட்டும் உருளை நின்றுபோனாலும் இலை காய வைக்கும் காற்றாடி நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரத் துரை தன்னுடைய சைக்கிளையும் அவரிடம்தான் கொடுப்பார். அது சீமையிலிருந்து வந்த வண்டி. அதன் பின்சக்கரத்தின் நடுவில் எங்கள் வண்டியில் இருந்ததுபோல ஒல்லியான குடம் இல்லை, பருத்த குடம். அந்தக் குடத்துக்குள்ளேயே மூன்று கியர். கைப்பிடியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத் தட்டினால் மெல்லிய கம்பி ஒன்று குடத்துக்குள்ளிருந்து வரும் சின்னச் சங்கிலியை இழுக்கும், உள்ளே பற்கள் மாறிக்கொள்ளும். ஏற்றத்துக்கு ஒன்று, சமதரைக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று. இதையெல்லாம் அவர் சாப்பிட உட்காரும்போது சோற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். "சோத்தச் சாப்பிடுங்க, துரை சைக்கிள அப்புறம் ஓட்டலாம்" என்பேன்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு ஓடினார். பங்களா திறந்து கிடந்தது. கூலிக்காரர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லைன் சனம் முழுவதும் அங்கே போனது. மெத்தை வந்தது, நாற்காலி வந்தது, பீங்கான் தட்டு வந்தது, ஒருத்தி தையல் மிஷினையே தலையில் தூக்கி வந்தாள். என் மகராசன் தூக்கி வந்தது ஒற்றைச் சக்கரம். துரை சைக்கிளை அதற்குள் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொண்டுபோய்விட்டார்கள். பின்சக்கரம் சின்ன அளவு, தோட்டத்தில் இருந்த எந்த வண்டிக்கும் சேராது என்று அதை மட்டும் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். இவர் அதையும் நெம்புகோலையும் கம்பியையும் பொறுக்கிக்கொண்டு புதையல் எடுத்தவர் மாதிரி வந்து நின்றார். நான் திட்டிய திட்டு லைன் கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அந்தக் குளிரில் ஒரு கம்பளியாவது எடுத்து வந்திருக்கக் கூடாதா? சக்கரத்தை நான் கோழிக்கூண்டுக்கு மூடியாக வைத்துக்கொண்டேன்.

ஜப்பான் காலத்தில் தேயிலையை வாங்க ஆள் இல்லை. தொழிற்சாலை நின்றுபோனது. தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். காலையிலும் மரவள்ளி, மாலையிலும் மரவள்ளி. பங்களாவில் புதிதாக ஒரு ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்தான். அவனையும் சனம் துரை என்றுதான் சொன்னது, ஜப்பான் துரை. ஒருத்தன் போனால் இன்னொருத்தன் துரை, நாம் மட்டும் எந்த நாளும் கூலி. இதைச் சொன்னதற்கு லைனில் எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

பிறகு சயாம் வந்தது. வடக்கே சயாம் நாட்டில் ரயில் பாதை போடுகிறார்கள், ஆள் வேண்டும், அரிசிச் சோறு கிடைக்கும், கொஞ்ச மாதத்தில் திரும்பிவிடலாம் என்று கங்காணி, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார். முதலில் போனவர்கள் சோற்றுக்காகத் தாங்களாகவே போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. ஒரு தகவலும் வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் தானாகப் போகவில்லை, பிடித்து அனுப்பினார்கள். யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்பதைத் தோட்டத்துக் கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி சொல்வார், ஜப்பான் துரை தலையாட்டுவான். வெள்ளைக்காரன் காலத்திலும் கிராணி அவர்தான், ஜப்பான் காலத்திலும் அவர்தான். அவருடைய சட்டை கசங்கி நான் பார்த்ததே இல்லை.

என் வீட்டுக்காரரை அனுப்பாமல் வைத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் அந்த மட்டமான சைக்கிள். தோட்டத்து லோரிக்குப் பெட்ரோல் கிடையாது. மலைப்பாதையில் கீழே ரிங்லெட்டில் இருந்த ஜப்பான் முகாமிலிருந்து தினமும் தபாலும் உப்பும் கருவாடும் பங்களாவுக்கு வந்தாக வேண்டும். மதியம் இறங்கிப் போய், பங்களாவில் விளக்கு ஏற்றுவதற்குள் மேலே வந்து சேர வேண்டும் என்று உத்தரவு.

"நேரத்துக்கு வந்தா இங்கயே இருக்கலாம். லேட்டா வந்தா அடுத்த பட்டாள லோரியில சயாம் லா" என்று கிராணி அவரிடம் சொன்னார்.

இறங்குவதில் கஷ்டமில்லை. ஏறுவதுதான் பெரும்பாடு. மரவள்ளி தின்ற காலில் எவ்வளவு பலம் இருக்கும்? மூட்டையோடு மிதித்தால் முதல் வளைவிலேயே மூச்சு இரைக்கும். பிறகு இறங்கித் தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டே வந்தால் பொழுது சாய்ந்துவிடும். ஒரு நாள் விளக்கு ஏற்றிய பிறகு போய் நின்றார். காவலுக்கு நின்ற சிப்பாய் கன்னத்தில் அறைந்தான். மறுபடி லேட்டான அன்றும் அறை விழுந்தது, கிராணி எங்கள் வாசலுக்கே வந்தார்.

"இன்னொரு தடவ இப்படின்னா என் கையில ஒண்ணும் இல்லப்பா" என்றார்.

கையில் ஒன்றும் இல்லையாம். எல்லாமே அவர் கையில்தான் இருந்தது.

கிராணி போன பிறகு என் வீட்டுக்காரர் கோழிக்கூண்டுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் சிப்பாயின் விரல் இன்னும் பதிந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

"எடுத்துக்கங்க. கோழிக்குப் பலகைய வெச்சி மூடிக்கிறேன்" என்றேன்.

துரை சக்கரத்தை அப்படியே மாட்ட முடியாது. அது சின்னது, பிரேக் கட்டை அதன் வளையத்துக்கு எட்டாது. அதனால் பருத்த குடத்தை மட்டும் தனியாகப் பிரித்து எங்கள் வண்டியின் வளையத்தில் கோக்க வேண்டும். இரண்டு சக்கரத்தின் கம்பிகளையும் கழற்றி வாசலில் பரப்பினார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன், அவர் குறுக்கும் மறுக்குமாகப் பின்னிக்கொண்டே போனார். குடம் பெரியது என்பதால் எங்கள் பழைய கம்பிகளுக்கு நீளம் அதிகமாகிவிட்டது, முனைகள் வளையத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றன. அத்தனையையும் அரத்தால் ராவினார். உள்ளே டியூப்கூடக் கிடையாது. அது எப்போதோ கிழிந்துபோய், தண்ணீர்க் குழாய் ரப்பரை வெட்டித் திணித்திருந்தோம். குத்திக் கிழிய ஒன்றும் இல்லாத இடத்தில் எதற்கு இந்த ராவல் என்று கேட்டேன். "வேலன்னா வேல மாதிரி இருக்கணும் புள்ள" என்றார். வேலை என்று வந்தால் யாரும் பார்க்காத இடத்தையும் பளபளப்பாக்குவார். அந்தக் குணத்தை அன்றைக்கு நான் மெச்சினேன்.

சக்கரம் தயாரானதும் அது வண்டிக்குள் நுழைய மாட்டேன் என்றது. பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கும் கவை குறுகல். நடுவில் ஒரு விறகுக் கட்டையைக் கொடுத்து, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தரையில் உட்கார்ந்து காலால் உதைத்துக் கையால் இழுத்து விரித்தோம். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு உறுமியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி எங்களுக்குள் அடிதடி என்று விலக்கிவிட ஓடி வந்தாள்.

குடத்தில் எண்ணெய் விட ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதற்கு கிரீஸ் ஆகாது, எண்ணெய்தான் வேண்டும் என்றார். எண்ணெய்க்கு எங்கே போவது? தலைக்கும் வைக்காமல் சமையலுக்கும் தொடாமல் நான் ஒளித்து வைத்திருந்த தேங்காயெண்ணெயை எனக்குத் தெரியாமல் எடுத்து ஊற்றிவிட்டார். தாப்பாவில் என்றால் சரியாக இருந்திருக்கும். எங்கள் மலையில் விடிகாலைக் குளிரில் தேங்காயெண்ணெய் புட்டியிலேயே உறைந்து கிடக்கும், அடுப்போரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். குடத்துக்குள்ளும் அது உறைந்துபோனது. காலையில் லைன் முழுக்கப் பார்க்க, ஏறி உட்கார்ந்து மிதித்தார். கால் சும்மா சுழன்றது, சக்கரம் நின்ற இடத்தில் நின்றது. உள்ளே பற்கள் பிடிக்கவே இல்லை. ஊரே சிரித்தது. பிட்டராம். வருடக்கணக்காக உறைந்த எண்ணெயை அடுப்பில் காட்டி உருக்கியவருக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை. நான் திட்டிக்கொண்டே வெந்நீர் வைத்துக் குடத்தின்மேல் ஊற்றினேன். என் எண்ணெய் மண்ணில் ஒழுகியது. பிறகு தொழிற்சாலையில் சும்மா கிடந்த உருளை இயந்திரத்தின் அடியில் தேங்கியிருந்த மிஷின் எண்ணெயைத் துணியில் நனைத்து வந்து பிழிந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கியர் பிடித்தது.

சமதரையிலும் இறக்கத்திலும் அந்தக் குடம் டிக் டிக் என்று கடிகாரம் மாதிரி சத்தம் போடும். ஏற்றத்துக்கான கியரில் விழுந்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். நான் மரவள்ளிக்குக் களை வெட்டும் சரிவிலிருந்து பாதை தெரியும். அன்று மாலை அவர் முதல் வளைவில் இறங்கவில்லை. அடுத்த வளைவிலும் இறங்கவில்லை. வேகம் ஒன்றும் இல்லை, நடக்கிற வேகம்தான். ஆனால் நிற்கவில்லை, கால் சுற்றிக்கொண்டே இருந்தது. வெயில் இருக்கும்போதே மூட்டையோடு என்னைத் தாண்டிப் பங்களாவுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். அவர் சயாமுக்குப் போக மாட்டார் என்று அன்றைக்கு நான் நம்பினேன்.

ஆனால் ஒரு பயம் இருந்தது. ஜப்பான் சிப்பாய்கள் நல்ல சைக்கிளைக் கண்டால் பாதையிலேயே நிறுத்திப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் குடத்துக்கு வேஷம் போட்டோம். அது என்னுடைய யோசனை. சட்டிக் கரியையும் கெட்டிப்போன கிரீஸையும் செம்மண்ணையும் பிசைந்து அதன்மேல் அப்பினேன். அதற்கு மேல் கிழிந்த கோணியைச் சுற்றிக் கட்டினேன். நெம்புகோலில் கந்தல் துணியைச் சுற்றி, உடைந்துபோன மணி மாதிரி ஆக்கினேன். மழையில் கரைந்தால் மறுபடி அப்புவேன். பார்க்கிறவனுக்கு அது பிச்சைக்கார வண்டி. லைனில் எல்லாருக்கும் விஷயம் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிராணிக்கு மட்டும் தெரியாது. முகாம் சிப்பாய்கள் வண்டியைக் காலால் எட்டி உதைத்துச் சிரிக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொல்வார். சொல்லும்போது முகம் சுண்டிப்போயிருக்கும். எனக்கு அதைவிட நிம்மதியான செய்தி கிடையாது.

மழை தொடங்கிய சமயத்தில் ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் அன்றைக்கு யாரும் கருவியில் கை வைக்க மாட்டார்கள். செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துத் தொழிற்சாலையில் வரிசையாக வைப்பார்கள். முன்பெல்லாம் பொரியும் கடலையும் கிடைக்கும். அந்த வருடம் அவித்த மரவள்ளிதான் படையல். ஓடாத இயந்திரங்களுக்கு மாலை கட்டினார்கள்.

முந்தின நாள் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடைப் பக்கம் புறப்பட்டார். கையில் தேங்காய் நாரும் சாம்பலும் இருந்தன.

"எங்க போறீங்க?"

"நாளைக்குப் பூசை. வண்டியக் கழுவ வேணாமா?"

"பூ வெக்கிறதுன்னா மேல வெச்சிட்டு விடுங்க. கொடத்துல கை வெக்காதீங்க. அந்த அழுக்குலதான் உங்க உசிரு இருக்கு."

"வருசம் பூரா என்னச் சொமந்துகிட்டு மலை ஏறுது புள்ள. ஒரு நாளைக்காவது அதுக்கு மூஞ்சி கழுவிவிட வேணாமா? அழுக்கோட சாமி முன்னால நிறுத்துனா நல்லாவா இருக்கும்?"

"நம்ம நெலம சாமிக்குத் தெரியாதா?"

"பூசை முடிஞ்ச ஒடனே நீயே திரும்ப அப்பிடு. கொஞ்ச நேரம்தான லா. ஜப்பான்காரன் எதுக்கு நம்ம பூசைக்கு வரப் போறான்?"

நான் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். அவர் முன்பக்கத்தை இழுத்தார். லைன் பெண்கள் பார்த்தார்கள், ஒருத்தியும் எனக்காகப் பேசவில்லை. பேசினால் பூசையைத் தடுத்த பாவம் வந்துவிடுமாம். நான் கையை விட்டேன், அவர் போய்விட்டார்.

பக்தி என்று அவர் சொன்னார். நான் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. அவருக்குத் தன் கைவேலையை நாலு பேர் பார்க்க வேண்டும். எவனெவனோ உதைத்த வண்டியை ஒரு நாளாவது அதன் சொந்த முகத்தோடு நிறுத்த வேண்டும். எனக்கு இது புரியாமல் இல்லை. புரிந்ததற்காகக் கோபம் குறைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

மறுநாள் தொழிற்சாலையில் அந்தச் சைக்கிள் நின்ற அழகைச் சொல்லத்தான் வேண்டும். குடம் வெள்ளியாக மின்னியது. அதன்மேல் சந்தனப் பொட்டு, நெம்புகோலில் குங்குமம், கைப்பிடியில் பூச்சரம். ஆண்கள் சுற்றி நின்று குனிந்து குனிந்து பார்த்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஓரமாக நின்றார். உதடு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

தீபம் காட்டுவதற்கு முன்னால் கிராணி வந்தார். கூடவே ஜப்பான் துரை. எங்கள் வழக்கத்தைக் காட்டுகிறேன் என்று கிராணியே அழைத்து வந்திருந்தார். அந்த ஜப்பான்காரன் வாசலில் தொப்பியைக் கழற்றினான், மரியாதையாகத்தான் நடந்துகொண்டான். மண்வெட்டி, கத்தி, கூடை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தவன் சைக்கிள் முன்னால் நின்றான். குனிந்து குடத்தை விரலால் தடவினான். விரலில் ஒட்டிய சந்தனத்தை முகர்ந்து பார்த்தான்.

கிராணியும் குனிந்தார். "இது பழைய துரையோட கியராச்சே" என்று அவர் வாயிலிருந்து தமிழில்தான் முதலில் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்தத் தமிழ் அந்த ஜப்பான்காரனுக்குப் புரியப் போவதில்லை. ஆனால் அதை மறுபடி அவனுக்குத் தெரிந்த மலாயில் சொன்னார், கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

ஜப்பான் துரை ஏதோ கேட்டான். "யாரு இத மாட்டுனதுன்னு கேக்குறாரு" என்றார் கிராணி.

கங்காணி மேலே கூரையைப் பார்த்தார். ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள், சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன். சட்டை என் கையிலிருந்து நழுவியது.

"நாந்தாங்கய்யா" என்று அவர் முன்னால் போய் நின்றார்.

ஜப்பான் துரை பூச்சரத்தோடேயே வண்டியில் ஏறி உட்கார்ந்தான். தொழிற்சாலை முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு பங்களாவுக்குப் போகும் செங்குத்துச் சரிவில் ஏறினான். டிக் டிக் சத்தம் நின்றது. உட்கார்ந்தபடியே மேலே போய்த் திரும்பி வந்தான். சிப்பாயிடம் அடி வாங்காமல் இருப்பதற்காக நாங்கள் மாட்டிய கியர் அது, அவனுக்கு விளையாட்டாக இருந்தது. இறங்கி வந்து என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டிக் கொடுத்தான். அவர் சட்டைத் தோளில் சந்தனம் ஒட்டியது.

கிராணி கேட்டுக் கேட்டுச் சொன்னார். "ரொம்ப நல்ல வேலையாம். வண்டிய அவரே வெச்சிக்கிறாராம். இப்படிப்பட்ட ஆளு இங்க கருவாட்டு மூட்ட சொமக்கிறது வீணாம். சயாமுல மிஷின் வேல தெரிஞ்ச ஆளுக்குப் பெரிய தேவையாம். அங்க ஒனக்கு நல்ல எடம் குடுப்பாங்களாம்."

கல்யாண வீட்டில் நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னார். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். அரைகுறை வேலை, சீக்கிரம் உடைந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். இந்த ஆள் போனால் நாளைக்குத் தபால் கொண்டுவர யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவரைத் தவிர அங்கே யாருக்கும் இரண்டு பேச்சும் புரியாது. கண்டுபிடிக்க ஆள் இல்லாத இடத்தில்கூட ஒரு பொய் சொல்லி ஒரு மனிதனைக் காப்பாற்ற அவருக்குத் தோன்றவில்லை. அவர் பிறகு வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோதும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவருக்கு எதிரே வரும்போதெல்லாம் பாதையில் காறித் துப்பிவிட்டுத்தான் போவேன். அதற்காக என்னைக் கூப்பிட்டு அதட்டினார்கள். அதட்டியவர்கள் முன்னாலும் துப்பினேன்.

அவர்கள் போன பிறகு பூசையை முடித்தார்கள். சைக்கிள் நின்ற இடம் காலியாக இருந்தது. பூசாரி அந்தக் காலி இடத்துக்கும் சேர்த்துத் தீபம் காட்டினார். நான் கும்பிடவில்லை.

பட்டாள லோரி ரிங்லெட்டில் வந்து நிற்கும், நடந்தே வரச் சொல்லிவிட்டார்கள். லைனிலிருந்து ரிங்லெட் வரை நான் அவரோடு நடந்தேன். அவரோடு சேர்த்துப் பிடித்த மற்ற ஆட்களின் பெண்டாட்டிமார் அழுதுகொண்டு வந்தார்கள். நான் திட்டிக்கொண்டு வந்தேன். தேங்காயெண்ணெயில் ஆரம்பித்தேன், கம்பளி எடுத்து வராததைச் சொன்னேன், சோற்றில் போட்ட கோட்டைச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நடந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் கண் பாதையின் ஏற்றத்தை அளந்தது எனக்குத் தெரிந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அங்க போயி எவனாவது கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க. ஸ்பானரக் கண்ணால கண்டது இல்லன்னு சொல்லுங்க" என்றேன்.

"சரி புள்ள."

"சரி சரின்னு இங்க சொல்லிட்டு அங்க போயி நாந்தாங்கய்யான்னு முன்னால போயி நிப்பீங்க."

அவர் சிரித்தார். லோரியில் ஏறி, பின்பலகையைப் பிடித்துக்கொண்டு என் பக்கமாகக் குனிந்தார். அதுவரை நான் அவரை மரியாதை இல்லாமல் பேசியதில்லை. அன்றைக்கு என் வாயில் வேறு வார்த்தை வந்தது. "யோவ், நான் மட்டும் உன் எடத்துல இருந்திருந்தேன்னா" என்று ஆரம்பித்தேன். சிப்பாய் லோரியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினான், இஞ்சின் சத்தம் போட்டது, லோரி நகர்ந்துவிட்டது. மீதியை நான் பாதையில் நின்று கத்தினேன். அவருக்குக் கேட்டிருக்காது. காதுக்குப் பின்னால் கையை வைத்து, கேட்கவில்லை என்று காட்டிக்கொண்டே போனார்.

சண்டை முடிந்து வெகு நாள் கழித்துச் சயாமிலிருந்து ஒரு ஆள் எங்கள் லைனைத் தேடி வந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், அதே லோரியில் போனவர். எலும்பும் தோலுமாக இருந்தார். என் வீட்டுக்காரர் வாந்திபேதியில் செத்துப்போனதை எழுந்து நின்று சொன்னார். நான் உட்காரச் சொல்லிக் கஞ்சி ஊற்றினேன். குடித்து முடித்ததும் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அங்க கஞ்சிக்கு வரிசையில நிக்கிறப்ப எல்லாரும் ஊட்டுச் சாப்பாட்டப் பத்திப் பேசுவோம் அக்கா. அவரு மட்டும் உங்க திட்டப் பத்திப் பேசுவாரு. பாதித் திட்டுல லோரி கெளம்பிருச்சு, மீதி என்னவா இருக்கும்னு ஒரு நாளைக்கு ஒண்ணு சொல்வாரு. உங்க கொரல்லயே சொல்வாரு. நாங்க சிரிப்போம்."

"என்னன்னு சொல்வாரு?"

"நான் ஒன் எடத்துல இருந்திருந்தா அந்த ஜப்பான்காரன் சைக்கிள்லயே ஒன்னப் பின்னால ஒக்கார வெச்சி மிதிச்சிக்கிட்டுத் தாப்பாவுக்கு ஓடியிருப்பேன்யான்னு ஒரு நாளு. அந்தக் கிராணி தலையில சந்தனத்தக் கொட்டியிருப்பேன்யான்னு ஒரு நாளு. எப்படி ஆரம்பிச்சாலும் கடைசியில, போயிட்டு வா, எனக்குக் கோவம் இல்லன்னு நீங்க சொல்ற மாதிரி முடிப்பாரு."

"நான் அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "கோவம் இல்லன்னு நான் எதுக்குச் சொல்றேன்? அவரு தப்பாச் சொல்லியிருக்காரு."

"அது அவருக்கும் தெரியும் அக்கா" என்றார் அந்த ஆள். "அவ இப்படிச் சொல்ல மாட்டா, ஆனா எனக்கு இப்படிக் கேக்கணும் போல இருக்குன்னு அவரே சொல்வாரு."

அவரை வழியனுப்பிவிட்டு வந்து கஞ்சிச் சட்டியைச் சுவரில் அடித்தேன். கேட்க வேண்டும் போல இருந்தால் கேட்டிருக்கலாமே. ரிங்லெட் வரைக்கும் பக்கத்திலேயே நடந்து வந்த மனிதர், வழி முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டுக் கடைசியில் சிரித்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் லோரி ஓரத்திலேயே சொல்லியிருப்பேன்.